ஜாப்ளின் வாசித்த ரோலில் ஜாப்ளின் எவ்வளவு இருக்கிறார்?

நீங்கள் கேட்டது இது. ராக்டைம் என்ற பழைய அமெரிக்கப் பியானோ இசையை எழுதிய ஸ்காட் ஜாப்ளின் தானே வாசித்தது என்று போட்டு 'மேப்பிள் லீஃப் ராக்' மூன்று வீடியோக்களில் கிடைத்தது. மூன்றும் மூன்று வேகம். ஒன்று தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது, ஒன்று தடுமாறித் தடுமாறிப் போகிறது, ஒன்று மட்டும் மனுஷன் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. எது நிஜம்? பழைய பியானோ ரோல்களில் (பியானோவைத் தானாக வாசிக்க வைக்கும், ஓட்டை போட்ட காகிதச் சுருள்கள்) ராக்டைமும் ஆரம்ப கால ராக்டைம் பாட்டுகளும் கேட்க ஆரம்பிப்பவர் எங்கே தொடங்குவது? அடுத்த மாதம் வேலை விஷயமாக செயின்ட் லூயிஸ் போகிறேன், அங்கே பார்க்க ஏதாவது உண்டா?

நேரடியாகச் சொன்னால், தையல் மெஷின் மாதிரி ஓடுவது பெரும்பாலும் ஜாப்ளின் வாசித்ததே கிடையாது. தடுமாறுவதும், மனுஷன் வாசிக்கிற மாதிரி இருப்பதும் இரண்டுமே அவர் 1916-ல் வாசித்த இரண்டு வெவ்வேறு ரோல்களாக இருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டிலும்கூட அவர் முழுசாக இல்லை. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் இந்த ரோல்களைக் கேட்பது வேறு அனுபவமாகிவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். என்னிடம் 1920களில் செய்த, ரோல் போட்டு மிதித்து ஓட்டும் பியானோ ஒன்று இருக்கிறது, பத்து வருடமாக அதைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்துதான் இதில் பாதி வருகிறது.

முதலில் ரோல் என்பது ஒலிப்பதிவு கிடையாது. காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பட்டுத் தறிக்கு மேலே வரிசையாகத் தொங்கும் ஜக்கார்டு அட்டையைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பாவு நூல் எப்போது எழும்ப வேண்டும் என்று அட்டையில் உள்ள ஓட்டை சொல்லும். சேலை என்ன நிறம் என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பியானோ ரோலும் அப்படித்தான். எந்தக் கட்டை எப்போது இறங்க வேண்டும், எவ்வளவு நேரம் இறங்கியே இருக்க வேண்டும் என்பது ஓட்டையின் இடமும் நீளமும் சொல்லிவிடும். அந்த ஸ்வரம் பலமா, மெதுவா என்பது சாதாரண ரோலில் கிடையாது. அதற்கென்று தனி ஓட்டைகள் வைத்த, வெல்டே-மின்யோன், டூயோ-ஆர்ட், ஆம்பிகோ மாதிரியான உயர்ந்த ரகங்கள் தனியாக உண்டு. அவற்றில் சாஸ்திரிய சங்கீதக்காரர்கள்தான் அதிகம்.

உள்ளே நடப்பது இதுதான். நம்ம ஊர் கால் ஆர்மோனியத்தில் மிதித்தால் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளப்படும் என்று நினைத்துக்கொள்வோம், இங்கே அதற்கு நேர் எதிர். இரண்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கும் துருத்திகள் காற்றை உறிஞ்சி வெளியேற்றும், பெட்டிக்குள் எப்போதும் ஒரு உறிஞ்சல் இருந்துகொண்டே இருக்கும். காகிதம் ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் தவழ்ந்து போகும். சட்டத்தில் 88 துளைகள், ஒரு கட்டைக்கு ஒன்று. காகிதம் மூடியிருக்கும் வரை ஒன்றும் ஆகாது. காகிதத்தில் உள்ள ஓட்டை சட்டத்தில் உள்ள துளைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று அதன் வழியே குழாயில் புகுந்து ஒரு சின்ன வால்வைத் தூக்கும், அந்தக் கட்டைக்கு உரிய விரல் அளவு குட்டித் துருத்தி ஒன்று படக்கென்று சுருங்கும், சுருங்குகிற வேகத்தில் சுத்தியல் தந்தியை அடிக்கும். காகிதத்தை இழுக்கிற மோட்டாரும் இந்தக் காற்றிலேயே ஓடுகிறது. மின்சாரமே கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, உறிஞ்சல் எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாகத்தான் சுத்தியல் அடிக்கும். அந்தப் பலம் மிதிப்பவருடைய காலில் இருக்கிறது. ஒரு இடத்தில் சட்டென்று அழுத்தி மிதித்தால் அந்த ஸ்வரம் எடுப்பாக விழும். தூங்கி வழிந்து மிதித்தால் பாட்டும் தூங்கி வழியும். கையருகே வேகத்துக்கு ஒரு நெம்புகோல், இடப்பக்க ஸ்வரங்களையும் வலப்பக்க ஸ்வரங்களையும் தனித்தனியே அடக்க இரண்டு சின்ன நெம்புகோல்கள். ஆக நீங்கள் அந்த வீடியோக்களில் கேட்டது ரோலை வாசித்தவரும் அதை மிதித்தவரும் சேர்ந்து செய்த ஒன்று. மின்சார மோட்டார் வைத்து ஓட்டியிருந்தால் மிதித்தவரும் இல்லை, ஒரே சத்தத்தில் கடைசி வரை போகும். "ரோல் என்றாலே உயிர் இருக்காது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அப்படி ஓட்டியதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் ரோல் எப்படி உருவாகிறது என்பது. இரண்டு வழி. ஆரம்ப காலத்தில் ஏறக்குறைய எல்லாமே அச்சிட்ட இசைத்தாளைப் பார்த்து ஒருவர் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக் கோடு போட்டு வெட்டியவை. யாரும் பியானோவில் உட்காரவே இல்லை. ஒவ்வொரு மாத்திரையும் மில்லிமீட்டர் பிசகாமல் சமமாக இருக்கும், நீங்கள் சொன்ன தையல் மெஷின் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. இவர்கள் சும்மா வெட்டவும் இல்லை. பத்து விரலால் எட்டவே முடியாத இடங்களில் கூடுதல் ஸ்வரம் சேர்ப்பார்கள், மேல் ஸ்தாயியில் அதிர அதிர ஒரு வரி ஓடவிடுவார்கள், மூன்றாவது கை ஒன்று இருப்பது போல. நல்ல ஏற்பாட்டாளர் செய்தால் அது ஒரு தனி அழகு, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை ஜாப்ளின் வாசிப்பு என்று பெயர் போட்டுப் பரப்புவது தவறு. 'தி என்டர்டெயினர்' விஷயத்தில் இது தினமும் நடக்கிறது. 1973-ல் வந்த 'தி ஸ்டிங்' படத்துக்கு அப்புறம் உலகமெல்லாம் தெரிந்த அந்தப் பாட்டை ஜாப்ளின் கையால் வாசித்த ரோல் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. அவர் குரலோ வாசிப்போ ஒலித்தட்டிலும் இல்லை.

இரண்டாவது வழி, கையால் வாசித்த ரோல். விசேஷ பியானோ ஒன்றில் கலைஞர் வாசிப்பார், அவர் அழுத்தும் ஒவ்வொரு கட்டையும் ஓடும் காகிதத்தில் ஒரு கோடாகப் பதியும். அதை வைத்து ஆட்கள் ஓட்டை வெட்டுவார்கள். வெட்டும்போதே தப்பாகப் பட்ட கட்டையை நீக்கி, முன்னே பின்னே விழுந்ததைத் தாளத்துக்குள் கொண்டுவந்து, தேவைப்பட்டால் ஸ்வரம் சேர்த்து விடுவார்கள். எவ்வளவு திருத்துவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இப்போது 1916-க்கு வருவோம். அந்த வருடம் ஜாப்ளின் நியூயார்க்கில் இருந்தார், உடம்பு மோசமாகிக்கொண்டிருந்தது. சிஃபிலிஸ் முற்றி நரம்பையும் மூளையையும் பிடித்திருந்த கட்டம். ஏப்ரலில் கானரைஸ்ட் என்ற கம்பெனிக்கு 'மேப்பிள் லீஃப் ராக்' வாசித்தார். அதே கம்பெனிக்கு 'சம்திங் டூயிங்', 'வீப்பிங் வில்லோ', 'மேக்னெடிக் ராக்', 'பிளசன்ட் மொமென்ட்ஸ்', டபிள்யூ. சி. ஹேண்டியின் 'ஓல் மிஸ் ராக்' ஆகியவையும் உண்டு. ஜூனில் ஏயோலியன் கம்பெனியின் யூனி-ரெக்கார்டு வரிசைக்காக இன்னொரு 'மேப்பிள் லீஃப் ராக்'. மொத்தமே இந்த ஏழுதான். 1917 தொடக்கத்தில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள், அந்த வருடம் ஏப்ரல் 1 அன்று இறந்துபோனார்.

நீங்கள் கேட்ட தடுமாறுகிற வாசிப்பு ஜூனில் செய்தது. கை கட்டையைத் தேடுகிற மாதிரி, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், இடது கை தாளத்தை விட்டு நழுவி நழுவி வரும். கேட்பது எனக்கு இன்றைக்கும் சுலபமாக இல்லை, ரோல் முடிந்ததும் கொஞ்ச நேரம் அடுத்ததைப் போட மனசு வராது. இதை வைத்து இரண்டு கட்சி உண்டு. நோய் அவர் கையை அவ்வளவு கெடுத்துவிட்டது என்று ஒரு கட்சி, கானரைஸ்ட் ஆட்கள் திருத்திச் செப்பனிட்டார்கள், ஏயோலியன் ஆட்கள் அவ்வளவாகத் திருத்தவில்லை, வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று இன்னொரு கட்சி. என் காதுக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. இரண்டு மாதத்தில் ஒரு மனுஷன் கை அவ்வளவு மாறியிருக்கும் என்று நம்புவதைவிட, ஏப்ரலிலும் கை அப்படித்தான் இருந்தது, வெட்டியவர்கள் அதை மறைத்துவிட்டார்கள் என்று நம்புவது எளிது. அப்படியானால் அழகாக இருக்கும் ரோலில் ஜாப்ளின் குறைவு, அசிங்கமாக இருக்கும் ரோலில் அதிகம்.

ஆனாலும் கானரைஸ்ட் ரோலைத் தள்ளிவிடாதீர்கள். அதில் இடது கையைக் கவனியுங்கள். அச்சிட்ட தாளில் இல்லாத சின்னச் சின்ன ஓட்டங்கள், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஓடிப் போய்ச் சேர்கிற மாதிரி, கீழ் ஸ்தாயியில் வந்துகொண்டே இருக்கும். வெட்டுகிறவர் தாளத்தைத் திருத்துவார் சரி, இப்படி ஒரு அலங்காரத்தை அவராக இட்டுக்கட்ட என்ன அவசியம்? அந்த ஓட்டங்களைக் கேட்கும்போது நான் ஜாப்ளினுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். 'பிளசன்ட் மொமென்ட்ஸ்' ரோல் தொலைந்தே போய்விட்டது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2006-ல் நியூசிலாந்தில் ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தது. மூன்று அடித் தாளத்தில் போகும் ராக்டைம் வால்ட்ஸ், 1909-ல் எழுதியது. 'மேப்பிள் லீஃப்' அளவுக்கு யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

ரோல் உண்மையை எவ்வளவு காப்பாற்றும் என்று உங்கள் காதாலேயே பரீட்சை செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. யூபி பிளேக் என்று ஒரு மேதை, பால்டிமோர்க்காரர். 1917-ல் தன்னுடைய 'சார்ல்ஸ்டன் ராக்' பாட்டை ரோலில் வாசித்தார். 1921-ல் அதே பாட்டை 'சவுண்ட்ஸ் ஆஃப் ஆஃப்ரிகா' என்ற பெயரில் எமர்சன் கம்பெனி ஒலித்தட்டில் வாசித்தார். போதாததற்கு 1983 வரை உயிரோடு இருந்தார், வயதான காலத்திலும் அதே பாட்டை நல்ல கருவிகளில் பதிவு செய்தார். இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ரோலில் ஸ்வரம் எல்லாம் இருக்கும், ஒலித்தட்டில் இடது கை தரையை உதைக்கிற அந்த மிரட்டல் இருக்கும். அரை மணி நேரம் இதற்குச் செலவழித்தால் போதும், வேறு எந்த ரோலைக் கேட்டாலும் எதை நீங்களே மனசில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று காதுக்குப் பழகிவிடும்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு ராக்டைம் பிடிபடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. (பெயரில் உள்ள ராக் நம் ராகம் கிடையாது. பிய்ந்துபோன துணியைச் சொல்கிற வார்த்தையிலிருந்து வந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம், பிய்த்துப் போட்ட தாளம்.) இடது கை கையால் தாளம் போடுகிற மாதிரி நேராகப் போகும், கீழே ஒரு ஸ்வரம், மேலே ஒரு கூட்டு, கீழே, மேலே. வலது கை அந்த அடிகளில் உட்காராமல் தள்ளித் தள்ளி விழும். எட்டு மாத்திரையைத் 'தகிட தகிட தக' என்று மூன்று மூன்று இரண்டாகப் பிரித்து வாயால் சொல்லிக்கொண்டே கையால் நேராகத் தாளம் போட்டுப் பாருங்கள். ராக்டைமின் ஒரு முக்கியமான சூட்சுமம் உங்கள் தொடையிலேயே கிடைத்துவிடும். 'மேப்பிள் லீஃப் ராக்' பதினாறு பார்கள் (நம் தாளத்தின் ஆவர்த்தனம் மாதிரி) கொண்ட நாலு பகுதிகள். முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாவது இரண்டு முறை, திரும்ப முதல் ஒரு முறை, அப்புறம் மூன்றாவதும் நான்காவதும் இரண்டிரண்டு முறை. மூன்றாவதில் சுருதி மாறும்.

வேகம் ஏன் மூன்று விதம் என்று கேட்டீர்கள். ரோலின் தலைப்பில் 'டெம்போ 70' என்று ஒரு எண் அச்சடித்திருக்கும், நிமிடத்துக்கு 7 அடி காகிதம் ஓட வேண்டும் என்று அர்த்தம். 80 என்றால் 8 அடி. நெம்புகோலை எங்கே வைக்கிறோமோ அதுதான் வேகம், எண்ணை மதிக்காமல் தள்ளினால் கேட்க ஆளில்லை. அதோடு, கீழே சுருட்டிக்கொள்கிற உருளை காகிதம் ஏற ஏறத் தடித்துக்கொண்டே போவதால் முடிவை நோக்கிக் காகிதம் கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுக்கும். ரோலைப் படமெடுத்துக் கம்ப்யூட்டர் ஒலியாக மாற்றுகிறவர்கள் சிலர் இதைக் கணக்கில் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஜாப்ளின் இந்த விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். தன் இசைத்தாள்களிலேயே, இதை வேகமாக வாசிக்காதீர்கள், ராக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதுமே சரி கிடையாது என்று அச்சடித்து வைத்தார். என் பியானோவில் நெம்புகோலை ரோலில் போட்ட எண்ணுக்கும் கொஞ்சம் கீழே இறக்கித்தான் வைப்பேன். வேகத்தில் நசுங்கிப் போகிற உள்குரல்கள் அப்போதுதான் வெளியே வரும்.

இன்னொரு தப்பான எண்ணம், ராக்டைம் என்றாலே சுருதி கலைந்த ஓட்டைப் பியானோவில் கேட்டால்தான் நிஜம் என்பது. அந்தச் சத்தம் 1950களில் பழமை ஏக்கத்தில் வெளியிட்ட ஒலித்தட்டுகள் மூலம் பரவியது, சுத்தியல்களில் ஆணி குத்தியெல்லாம் வேண்டுமென்றே செய்தார்கள். காசு போட்டால் பாடும் கடைப் பியானோக்கள் சிலவற்றில் உலோக நுனி வைத்த பட்டை ஒன்று தந்திக்கு முன்னால் இறங்கி மாண்டலின் மாதிரிக் கணீரென்று ஒலிக்கச் செய்யும், அது உண்மைதான். ஆனால் 1905-ல் ஒரு வீட்டில் வாங்கி வைத்த பியானோ அன்றைக்குப் புதுசு. நல்ல சுருதியில்தான் இருந்திருக்கும். வீடியோவில் சில ஸ்வரங்கள் விட்டுப்போய்க் கேட்டால் அதுவும் ரோலின் குற்றம் கிடையாது, துருத்தித் துணி வெடித்திருக்கும், இல்லை ரப்பர் குழாய் இறுகிக் காற்று கசியும். காகித ஓரம் கிழிந்திருந்தால் ரோல் பக்கவாட்டில் நகர்ந்து பக்கத்துக் கட்டைகள் அடிக்கும், நாராசமாக இருக்கும்.

நீங்கள் 'ஆரம்ப கால ராக்டைம் பாட்டுகள்' என்றும் கேட்டிருந்தீர்கள், அதாவது சொற்கள் உள்ள பாட்டுகள். இது இன்னும் பழைய கதை. பியானோவோடு சேர்த்து வைத்து வாசிக்கிற பியானோலாவை எட்வின் வோட்டி உருவாக்கியது 1895. தனிப் பெட்டி, பியானோவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினால் கம்பளி ஒட்டிய மர விரல்கள் கட்டைகளை அழுத்தும். அச்சில் ராக் என்ற பெயரோடு இசைத்தாள்கள் வர ஆரம்பித்ததும் 1897-ஐ ஒட்டித்தான். ஆக இரண்டும் கூடவே வளர்ந்தவை. அந்தக் காலத்து ரோல்கள் 65 ஸ்வரம் மட்டுமே, பியானோவின் இரண்டு ஓரத்திலும் சேர்த்து 23 கட்டைகளுக்கு ஓட்டையே கிடையாது, இடது கை நிறைய இடங்களில் மேலே மடங்கி வரும். 1908 டிசம்பரில் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடி 11¼ அங்குல அகலம், அங்குலத்துக்கு 9 ஓட்டை, 88 ஸ்வரம் என்று எல்லோருக்கும் பொதுவாக முடிவு செய்தார்கள். அதனால்தான் அதற்குப் பின் வந்த ரோல்கள் எந்தக் கம்பெனிப் பியானோவிலும் ஓடுகின்றன.

சொற்களை ரோலிலேயே அச்சடிக்கிற வழக்கம் 1910களின் பிற்பாதியில் பரவியது. இதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். காகிதம் மேலிருந்து கீழே இறங்குவதால் சொற்களைக் கீழிருந்து மேலாக அடுக்கி அச்சடித்திருப்பார்கள். வலது ஓரத்தில் ஒவ்வொரு அசையும் தன் ஸ்வரத்தின் ஓட்டைக்கு நேராக இருக்கும். அசை பித்தளைச் சட்டத்தைத் தொடும் கணத்தில் பாட வேண்டும். முதல் தடவை கண் மேலே போவதா கீழே போவதா என்று குழம்பும், இரண்டாவது பல்லவிக்குள் பழகிவிடும். என் வீட்டில் நாலு பேர் பியானோவைச் சுற்றி நின்று 'பில் பெய்லி' பாடும்போது யாருக்கும் பாட்டு முன்கூட்டித் தெரிந்திருக்காது, எல்லோரும் சேர்ந்து சரியாக முடிப்பார்கள்.

ஆனால் இந்தப் பாட்டுகளைக் கேட்பவர் ஒன்றைத் தெரிந்தே கேட்க வேண்டும். 1890களின் ராக்டைம் பாட்டுகளில் பெரும்பகுதி கறுப்பின மக்களைக் கேலி செய்கிறவை. வசைச்சொல்லையே அந்த வகைப் பாட்டுகளுக்குப் பெயராக வைத்திருந்தார்கள், அட்டைப் படங்களைப் பார்க்கவே முடியாது. எர்னஸ்ட் ஹோகன் என்ற கறுப்பினக் கலைஞரே 1896-ல் அப்படி ஒரு பாட்டை வெளியிட்டார், பிரம்மாண்டமாக விற்றது, அந்தத் தலைப்பு தன் மக்களை அடிக்கிற கல்லாக மாறியதை அவரே பார்க்க நேர்ந்தது. 1899-ல் வந்த 'ஹலோ மா பேபி' இன்றைக்குக் குழந்தைகள் கார்ட்டூனில் பாடுகிற டெலிபோன் பாட்டு, அதன் முதல் அட்டையும் அந்தக் கேலி வகைதான். ரோலில் சொற்கள் இல்லாமல் தாளம் மட்டும் கேட்கும்போது அந்த விஷம் கண்ணில் படாது, தாளம் மட்டும் அற்புதமாகத் துள்ளும். இரண்டையும் சேர்த்தே மனசில் வைத்துக்கொண்டுதான் நான் கேட்கிறேன். இதற்கு மாற்றாக 1902-ல் வந்த 'அண்டர் தி பாம்பூ ட்ரீ' கேளுங்கள். பாப் கோல், ஜான்சன் சகோதரர்கள், மூவரும் கறுப்பினக் கலைஞர்கள், கேலி இல்லாத ஒரு காதல் பாட்டாகத்தான் அதைச் செய்தார்கள். 1911-ல் இர்விங் பெர்லினின் 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' பெரிய புயல், ஆனால் பெயரில் உள்ள அளவுக்கு ராக்டைம் அதன் தாளத்தில் கிடையாது, நடைபோடும் பாட்டு என்றே சொல்லலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது எனக்கு ஆறாத விஷயம். 1899 ஆகஸ்டில் செடாலியா ஊரில் ஜான் ஸ்டார்க் என்ற பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தப்படி 'மேப்பிள் லீஃப் ராக்' இசைத்தாள் ஒன்று விற்றால் ஜாப்ளினுக்கு 1 சென்ட். ரோல் விற்றால்? ஒன்றும் தர வேண்டாம். 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒயிட்-ஸ்மித் எதிர் அப்பல்லோ வழக்கில், ரோலை மனிதன் கண்ணால் படித்துப் பாட முடியாது, அது இயந்திரத்தின் ஒரு பாகம், இசைத்தாளின் நகல் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடமே சட்டம் மாறி ரோல் ஒன்றுக்கு 2 சென்ட் என்று வந்தது, ஆனால் 1909 ஜூலை 1-க்குப் பின் பதிப்புரிமை பெற்ற பாட்டுகளுக்கு மட்டும். 1899-ன் 'மேப்பிள் லீஃப்' அதில் வராது. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு அந்த ரோல் ஓடியது, எழுதியவருக்குச் சட்டப்படி ஒரு சென்ட்கூட உரிமை இல்லை. 1916-ல் உடம்பு முடியாத நிலையில் அவர் ரோல் கம்பெனியில் போய் உட்கார்ந்து வாசித்ததை நினைக்கும்போதெல்லாம் இதுவும் கூடவே நினைவுக்கு வரும்.

சரி, கேட்க வேண்டிய வரிசை. முதலில் 'மேப்பிள் லீஃப் ராக்' கானரைஸ்ட் ரோல், உடனே யூனி-ரெக்கார்டு ரோல். அப்புறம் 'பிளசன்ட் மொமென்ட்ஸ்'. அதன் பின் மிசௌரியின் பிளைண்ட் பூன், கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்ணை இழந்தவர், 1864-ல் பிறந்தவர், ஜாப்ளினுக்கும் மூத்தவர். 1912-ல் க்யூஆர்எஸ் கம்பெனிக்காக வாசித்த அவருடைய ரோல்களில் ராக்டைம் அச்சுக்கு வருவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்பதன் வாசனை அடிக்கும். யூபி பிளேக் மேலே சொன்னது. முடிவாக ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்', 1921 க்யூஆர்எஸ் ரோல். இது ராக்டைமைத் தாண்டி ஜாஸுக்குள் கால் வைத்த இடம். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வாலிபராக இருந்தபோது இந்த ரோலை மெதுவாக ஓடவிட்டு, தானாக இறங்கும் கட்டைகளின் மேல் தன் விரலை வைத்து வைத்து மனப்பாடம் செய்தார். நான் செய்து பார்த்திருக்கிறேன். மிக மெதுவாக வைத்தால் விரலுக்கு அடியில் கட்டை பள்ளம் விழுகிற மாதிரி இறங்கும், இடது கை பத்து ஸ்வரம் தாவுகிற இடத்தில் என் கை போய்ச் சேருவதற்குள் கட்டை ஏறிவிடும். வாசித்தவர் கை எவ்வளவு பெரிது என்று அப்போது தெரியும்.

ரோலின் படமும் ஒலியும் சேர்ந்தே வேண்டுமென்றால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நூலகம் நல்ல இடம். 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கான ரோல்கள் கொண்ட ஒரு பெரிய சேகரிப்பை வாங்கி, படமெடுத்து, இணையத்தில் கேட்கிற மாதிரி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டைகள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். பழைய ரோல் விலைக்கு வாங்குவதாக இருந்தால் முதல் இரண்டு அடிக் காகிதத்தை விரித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நான் ஒரு முறை கேட்காமல் வாங்கி, மாட்டி மிதித்த மூன்றாவது நிமிடத்தில் காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பெட்டி மட்டும் புத்தம் புதுசாக இருந்தது.

செயின்ட் லூயிஸில் டெல்மார் பூலவார்டில் ஜாப்ளின் 1901-லிருந்து இரண்டு வருடம் போலக் குடியிருந்த வீட்டை மாநில அரசு காப்பாற்றி வைத்திருக்கிறது, எண் 2658. 'தி என்டர்டெயினர்' வெளியான 1902-ல் அவர் அங்கேதான் இருந்தார். அங்கே பழைய பிளேயர் பியானோவில் ரோல் போட்டுக் காட்டுவார்கள். போகும் நேரத்தில் திறந்திருக்கிறதா, பியானோ ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று முன்னாடியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால் மிதிகளில் உட்கார விடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். விட்டால், காகித நுனியில் உள்ள வளையத்தைக் கீழ் உருளையின் கொக்கியில் மாட்டி, இரண்டு சுற்று கையால் சுற்றிவிட்டு, முதல் ஓட்டை சட்டத்துக்கு வரும் வரை மெதுவாக மிதியுங்கள். வந்த பிறகும் மெதுவாகவே.